ஆப்பைப் பிடித்த கை

இரும்பு மாதிரி கெட்டியான அந்த நாங்கு மரம் விழ ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை. அதனால் மாசானத்தின் அத்தான் கொம்பையாவும் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மரம் விழுந்து முடிக்காமல் ஆப்புக்காரன் எப்படி வீட்டுக்கு வருவான்?

மரம் வெட்டுகிற கூட்டத்தில் அது சட்டம். வாள்காரன் மிஷின் வாளால் மரத்தை அறுப்பான். அறுத்த இடம் மூடிக்கொண்டு வாளைக் கவ்விவிடாமல் இருக்க, ஆப்புக்காரன் அதில் இரும்பு ஆப்பைச் செருகிப் பிடித்துக்கொண்டு நிற்பான். வெட்டு முடிகிறவரை அவன் கையெடுக்கக் கூடாது. அன்று வாள்காரன் மாசானம். ஆப்புக்காரன் கொம்பையா. முக்கால் மரம் அறுபட்டிருந்தபோது வாளின் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. செயின் அறுந்து தெறித்தது. மரம் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. வெட்டு முடியாததால் வேகமாக வர அதற்கு வழி இல்லை. வருஷத்துக்கு ஒரு சாண், மழை நன்றாகப் பெய்தால் ஒன்றரைச் சாண் என்று சாய்ந்துகொண்டிருக்கிறது.

கொம்பையா வலது கையால் ஆப்பைப் பிடித்தபடி நிற்கிறான். அவனுடைய மீசை அங்கேயே நரைத்தது. நடக்காமலேயே செருப்பு தேய்ந்தது. முடி வெட்டுகிறவர் அங்கேயே வந்து வெட்டுவார். காய்ச்சல் வந்தால் அங்கேயே ஊசி. தூங்கும்போது நெற்றியை மரத்தில் முட்டுக் கொடுத்துக்கொள்வான். நெற்றியில் மரப்பட்டையின் அச்சு அப்படியே பதிந்திருக்கிறது.

அவனுடைய பெண்டாட்டி பேச்சித்தாய், மாசானத்துக்கு உடன்பிறந்த அக்காள். சோறு கொண்டுபோகிற நடை மிச்சமாகட்டும் என்று வீட்டையே மரத்தடிக்கு மாற்றிக் கட்டிக்கொண்டாள். மரம் விழப்போகிற பக்கம்தான் இடம் காலியாகக் கிடந்தது. அங்கேயே கட்டினாள். இப்போது ஒரு கிளை கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே வந்து அடுப்புக்கு மேலே நிற்கிறது. அதில் அவள் உறி கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.

வேறு வாளால் அறுத்து முடித்துவிடலாமே என்று வெளியூர்க் காண்டிராக்டர் ஒருவன் புது வாளோடு வந்தான். தொடங்கிய வாளைத் தவிர வேறு வாளை வெட்டு ஏற்காது என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவன் கேட்கவில்லை. உள்ளே போன வாள் போன வேகத்தில் திரும்பி வந்து, அவனுடைய கீழ்த்தாடையைப் பெயர்த்துக்கொண்டு ஓடைக்குள் போய் விழுந்தது. காண்டிராக்டர் ஏதோ சொல்ல வந்தான். சொல்வதற்குத் தாடை இல்லை. எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போனான்.

கொம்பையா முகத்தில் தெறித்த ரத்தத்தை இடது கையால் வழித்து உதறினான்.

"நல்ல மனுசன்தான். கொஞ்சம் அவசரம்" என்றான்.

ஆக, அன்று பாதியில் நின்ற அந்தப் பழைய மஞ்சள் வாள் திரும்பக் கிளம்பினால்தான் உண்டு.

மாசானம் மற்ற நாளெல்லாம் மர மில்லில் தடி தூக்குவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய மிஷின் வாள்களைப் பழுது பார்ப்பான். யாரும் கேட்டுச் செய்வதில்லை. மற்றவர்கள் சீட்டு விளையாடுகிறார்கள், தூண்டில் போடுகிறார்கள், பெண்டாட்டியை அடிக்கிறார்கள். அவனுக்குப் பொழுது இதில் போகிறது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் செத்த வாள்கள் கொக்கியில் தொங்கும். இடி இடித்தால் எல்லாம் சேர்ந்து நடுங்கும். ஈரத்துணி போட்டு மூடிவிட்டால் அடங்கிவிடும்.

பழுது பார்த்த வாளை முதல் தடவை கிளப்பும்போது கவனமாக இருக்க வேண்டும். தான் கடைசியாக எந்த வெட்டைப் பாதியில் விட்டதோ அதை முடித்த பிறகுதான் வாள் வேறு வேலைக்கு இணங்கும். ஒரு பச்சை வாளுக்கு அவன் புதுக் கயிறு போட்டு இழுத்தபோது, முக்கு டீக்கடையிலிருந்து ஒருவன் எழுந்து ஓடிவந்தான். எப்போதோ அந்த வாள் அவனுடைய சுண்டுவிரலைப் பாதி அறுத்துவிட்டு நின்றுபோயிருந்தது. விரல் அன்றிலிருந்து தோலில் தொங்கிக்கொண்டு கிடந்தது. வந்தவன் கையைக் கட்டையில் நீட்டி வைத்தான்.

"சட்டுன்னு முடிங்க அண்ணாச்சி, டீ ஆறுது."

வாள் முடித்தது. அவன் விரலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், மிச்ச டீயைக் குடித்தான்.

மஞ்சள் வாள்தான் மாசானத்துக்குத் தண்ணி காட்டியது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போய் இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். டீசலில் ஊறப்போட்டான். மரக்கட்டையை வைத்துத் தட்டினான். கழன்று வந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. சிலிண்டரில் விழுந்த கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து வழித்தான். வயலுக்கு மருந்தடிக்கிற மிஷினின் ரிங்கை எடுத்து அராவி இதற்கு மாட்டினான். கார்பரேட்டரைப் பிரித்து ஊதியபோது அதற்குள் அன்றைய காற்று கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் கொம்பையாவின் பழைய பீடி வாசனை அடித்தது. கேஸ்கட்டைப் பழைய காலண்டர் அட்டையில் வெட்டிக்கொண்டான். வாள் இரண்டு தடவை அவன் உள்ளங்கையைக் கிழித்தது. அவன் சுத்தியலால் அதன் மண்டையில் ஒன்று போட்டான். அதற்குப் பிறகு இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

எல்லாம் தயார். செயினில் மட்டும் ஒரு கண்ணி இல்லை.

புதுக் கண்ணி வைத்துப் பார்த்தான். மற்ற கண்ணிகள் சேர்ந்து அதை வெளியே தள்ளின. மறுபடியும் வைத்தான். இந்தத் தடவை அதைக் கடித்து இரண்டாக்கித் துப்பின. அறுந்து தெறித்த அதே கண்ணிதான் வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அன்று நேராகப் பறந்துபோய், வெட்டுக் கூட்டத்து மேஸ்திரி குருசுமுத்துவின் இடது தோளுக்குள் புகுந்தது. அங்கேயே இருக்கிறது.

குருசுமுத்து தெருவின் மேல்கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். வாயில், வெட்டு முடிந்ததும் ஊத வேண்டிய விசில். வெட்டு முடியாததால் அவனுக்கு இன்னும் வேலை நேரம் முடியவில்லை. அவன் விசில் ஊதினால் நடக்கிறவர்கள் நிற்க வேண்டும். மறுபடி ஊதினால் நடக்கலாம். பஸ்ஸும் அப்படித்தான். கல்யாண ஊர்வலமும் அப்படித்தான். ஒரு தடவை பிரசவ வலியோடு போன ஒருத்தியை நிறுத்திவிட்டு, மறுபடி ஊத மறந்து தூங்கிப்போனான். பிள்ளை தாடியோடுதான் பிறந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாசானம் அக்காளிடம் போய்ச் சொன்னான்.

"எல்லாம் முடிஞ்சுட்டு. கண்ணி ஒண்ணுதான் பாக்கி."

"போயி எடுத்துட்டு வா."

"அவன் தரமாட்டானே."

"தரச்சொல்லியால சொன்னேன்? எடுத்துட்டு வான்னேன்."

"மரம் விழுந்தா ஒன் வீடு போயிரும்க்கா."

"போட்டும். எனக்கு மனுசன் வீட்டுக்கு வரணும்."

"வீடுதான் இருக்காதே, எங்க வருவாரு?"

"மொதல்ல வரட்டும்ல. பெறவு பாத்துக்கிடலாம்."

மரத்தடியிலிருந்து கொம்பையா கத்தினான். "ஏ மாப்பிள, போற வழியில அவன் விசிலையும் புடுங்கி எறிஞ்சிரு. மனுசன் கண்ணசர முடியல."

மாசானம் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நடந்தான்.

அவன் வருவதைப் பார்த்துக் குருசுமுத்து விசில் ஊதினான். தெரு நீண்டது. முன்பு இல்லாத வீடுகள் இரண்டு பக்கமும் வந்து நின்றன. வாசல்களில் தெரியாத ஆட்கள் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டிப்போட்ட ஒரு வெள்ளாட்டைக் கடந்தான். கொஞ்ச தூரம் போனதும் அதே வெள்ளாட்டைக் கடந்தான். மூன்றாம் தடவை அது வந்தபோது அதன் நெற்றியில் சுத்தியலால் அடித்தான். ஆடு விழுந்தது. தெரு அதற்கு மேல் நீளவில்லை. நாற்காலி எதிரே இருந்தது.

"என்னல?" என்றான் குருசுமுத்து.

"கண்ணி வேணும்."

"எந்தக் கண்ணி?"

"உம்ம தோள்ல கெடக்கது."

"அது என் கண்ணி."

"வாளோடதுவே."

"அம்புட்டுப் பேரு நின்னீங்க. வாளு யாருக்குக் குடுத்துது? எனக்குத்தான குடுத்துது?"

"அத்தான் வீட்டுக்கு வரணும்."

"அப்பம் நான் எங்கல போறது? வெட்டு முடிஞ்சா நான் யாரு? சொல்லு பாப்போம்."

மாசானம் யோசித்துப் பார்த்தான். சுத்தியலால் அவன் முழங்காலில் அடித்தான்.

முழங்கால் பானை ஓடுபோல உடைந்தது. குருசுமுத்து நாற்காலியோடு சரிந்தான். விழும்போதே மாசானத்தின் கழுத்தைச் சேர்த்து இழுத்து, அவனுடைய வலது காதைக் கடித்தான். விசில் வாயில் இருந்ததால் கடிக்கிற ஒவ்வொரு தடவையும் அது ஊதியது. ஒவ்வொரு ஊதலுக்கும் தெருவில் ஜனம் நின்றது, நடந்தது, நின்றது. மாசானம் அவனை மண்ணில் குப்புறப் போட்டு முதுகில் ஏறி உட்கார்ந்தான். தோளில் உளியை வைத்து அடித்தான். ஒரு அடியில் சதை திறந்தது. இன்னொரு அடியில் எலும்பு வழிவிட்டது.

குழாயடியில் நின்ற ஒருத்தி சத்தம் போட்டாள். "அண்ணாச்சி, அங்குட்டுத் தள்ளிப்போயி குத்துங்க. குடத்துல தெறிக்குதுல்லா."

"இந்தா, ஆச்சும்மா" என்றான் மாசானம்.

விரலை உள்ளே விட்டுத் துழாவினான். கண்ணி அகப்பட்டது. துரு இல்லை. தோள் எலும்பு இத்தனை காலமும் அதை அராவி அராவிக் கூர் தீட்டி வைத்திருந்தது. வெளியே இழுத்தபோது கூடவே ஒரு நரம்பு நீளமாக வந்தது. பல்லால் கடித்து அறுத்தான்.

மாசானம் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டான். குருசுமுத்து மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தான். வாயிலிருந்து எதையோ உள்ளங்கையில் துப்பினான்.

"ஒன் காது இங்கன இருக்கு."

"நீரே வச்சுக்கிடும்."

"வெட்டு முடிஞ்சதும் ஒரு வார்த்த சொல்லியனுப்பு. மேஸ்திரி இல்லாம முடிக்கப்பிடாது."

"சரி."

"பேதில போவான்" என்றான் குருசுமுத்து, கோபம் இல்லாமல்.

கொட்டகையில் உட்கார்ந்து மாசானம் கண்ணியைச் செயினில் கோத்து ஆணி அடித்தான். மற்ற கண்ணிகள் விலகி இடம் கொடுத்தன. காது இருந்த இடத்திலிருந்து ரத்தம் ஒழுகிக் கண்ணில் இறங்கியது. தலையோடு சேர்த்துத் துண்டைக் கட்டினான். துண்டு ஒரு கண்ணை மறைத்தது. மற்றக் கண்ணில் ரத்தம். அந்த நிலையில்தான் செயினை, அது சுற்றி ஓடுகிற நீளத் தகட்டில் மாட்டினான்.

செயினின் மேல்பக்கத்துப் பற்கள் எப்போதும் தகட்டின் நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். வாள் பிடிக்கிறவனுக்கு இது சோற்றை வாய்க்குக் கொண்டுபோவது மாதிரி. யாரும் இதைக் கற்றுக்கொடுப்பதில்லை, யாரும் மறப்பதில்லை. மாசானம் மாட்டிய செயினில் பற்கள் அவனைப் பார்த்து இருந்தன.

வாளைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தான். கொம்பையா அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன மாப்பிள, தலப்பாக்கட்டெல்லாம் பலமா இருக்கு. பொண்ணு பாக்கப் போறியா?"

"அத்தான், மரம் கெளம்புன ஒடனே கைய எடுத்துட்டு இடது பக்கமா ஓடிருங்க."

"ஓடவா? ஏல, எந்தக் கால மொதல்ல எடுத்து வைக்கணும்னே மறந்துபோச்சு."

"ஏதாவது ஒண்ண எடுத்து வைங்க."

மாசானம் வீட்டைப் பார்த்துக் கத்தினான். "அக்கா, வெளிய வா!"

"கொழம்பு கொதிக்குது."

"மரம் வீட்டு மேல விழப்போவுது!"

"கொதிச்சதும் வாரேன். நீ ஒன் சோலியப் பாரு."

மூன்றாவது இழுப்பில் வாள் கிளம்பியது. பழைய சத்தம். கொம்பையா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டான். மாசானம் தகட்டைப் பழைய வெட்டுக்குள் நுழைத்தான். வாள் தன் இடத்தைக் கண்டுகொண்டது. கருகல் புகை வந்தது. ஆனால் மரத்தூள் வெளியே வரவில்லை.

உள்ளே போயிற்று.

முதலில் தரையில் மட்கிக் கிடந்த தூள் எழுந்து வெட்டுக்குள் பாய்ந்தது. பிறகு, ஊரார் அன்று அள்ளிப்போய்ப் பரப்பிய கோழிக்கூடுகளிலிருந்து வந்தது. கக்கூஸ் குழியிலிருந்து வந்தது. பேச்சித்தாய் தூளை அடைத்துத் தைத்த தலையணை வீட்டுக்குள்ளேயே வெடித்து, ஜன்னல் வழியாக வந்தது. அன்று வேடிக்கை பார்க்க வந்த ஒருவனுடைய கண்ணில் ஒரு துகள் விழுந்து அங்கேயே தங்கிவிட்டிருந்தது. அது இப்போது கண்ணையும் பிடுங்கிக்கொண்டு பறந்துவந்தது. பின்னாலேயே அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான். "தூள எடுத்துக்கிடுங்க, கண்ண விட்டுருங்க" என்று கெஞ்சினான். வெட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டது.

மரம் நிமிர ஆரம்பித்தது.

சாண் சாணாகச் சாய்ந்தது ஒரே மூச்சில் நிமிர்ந்தது. கூரைக்குள் இருந்த கிளை வந்த வழியே உருவிக்கொண்டு வெளியேறியது. கூடவே உறியும், உறியில் இருந்த சட்டியும், பாதிக் கூரையும் மேலே போயின. பேச்சித்தாய் கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள்.

"என் உறி! ஏ மூதி, என் உறியக் கொண்டுபோறான் பாரு!"

வெட்டு உதடுபோல மூடியது. ஒரு கோடு தெரிந்தது. பிறகு கோடும் இல்லை. மாசானம் கடைசி நொடியில் தகட்டை உருவிக்கொண்டான். கொம்பையா உருவிக்கொள்ளவில்லை. வெட்டு முடியாமல் கையெடுக்கக் கூடாது. ஆப்போடு சேர்ந்து அவனுடைய கை மணிக்கட்டுவரை மரத்துக்குள் இருந்தது.

மாசானம் வாளை அணைத்தான். எங்கோ உயரத்திலிருந்து சட்டி விழுந்து உடைந்தது.

"மாப்பிள" என்றான் கொம்பையா.

"என்ன அத்தான்."

"செயினத் திருப்பிப் போட்டுட்டியேல."

மாசானம் துண்டை விலக்கிப் பார்த்தான். ஆமாம்.

"வலிக்குதா அத்தான்?"

"இல்ல. குளுகுளுன்னு இருக்கு. அந்தப் பக்கம் என்ன தெரியுதுன்னு பாரு."

மாசானம் சுற்றிக்கொண்டு போனான். மூன்று ஆள் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். ஆனாலும் மறுபக்கத்தில் பட்டையிலிருந்து கொம்பையாவின் விரல்கள் வெளியே வந்திருந்தன. ஆப்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

"ஆப்பு பத்திரமா இருக்கு" என்றான்.

குருசுமுத்து ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்து சேர்ந்தான். தோளில் துணி அடைத்திருந்தான். மரத்தைச் சுற்றி வந்தான். பட்டையைத் தட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான்.

"வெட்டு இல்ல" என்றான். "வெட்டே இல்லன்னா வெட்டு முடிஞ்சுட்டுன்னுதான அர்த்தம். ஆப்புக்காரன் போலாம்." விசில் ஊதினான்.

கொம்பையா அந்த விசிலுக்காகத்தான் இத்தனை வருஷம் நின்றான். காலைத் தூக்கி ஒரு எட்டு வைத்தான். கை வரவில்லை. இழுத்தான். தோள் மூட்டு சடக்கென்றது. கை வரவில்லை.

"இன்னொரு வெட்டுப் போட்டு மரத்தச் சாய்ச்சிருவமா?" என்றான் மாசானம்.

"புது வெட்டுன்னா புது ஆப்புக்காரன் வேணும்" என்றான் குருசுமுத்து. "யாரு நிப்பா? ஒங்க அக்காவா?"

பேச்சித்தாய் கரண்டியைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏல மாசானம், நான் ஒங்கிட்ட என்ன கேட்டேன்?"

"அத்தான வீட்டுக்குக் கூட்டியாரச் சொன்ன."

"கையக் கேட்டனா?"

"இல்ல."

"பெறவு என்ன முழிக்க? ஆள மட்டும் அறுத்துக் குடு."

கொம்பையா அவளைப் பெருமையோடு பார்த்தான். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். செயின நேரா மாட்டுல."

மாசானம் செயினைக் கழற்றி, பற்கள் நுனியைப் பார்க்கும்படி மாட்டினான். ஒரே இழுப்பில் வாள் கிளம்பியது.

மணிக்கட்டில் வைத்தான். முதலில் சதை தெறித்துச் சுற்றி நின்ற மூவர் முகத்திலும் விழுந்தது. எலும்புக்குப் போனதும் சத்தம் மாறியது. நாங்கு மரத்தை விட அத்தானின் எலும்பு கெட்டியாக இருந்தது. நின்று நின்று வைரம் பாய்ந்துவிட்டது. தூள் ஈரமாக வந்தது. கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு வேலை சொல்லிக்கொடுத்தான்.

"கொஞ்சம் கீழ எறக்கு. மூட்டுல விடு. அழுத்தாத, வாளு தானா எறங்கும். ஆ... ஆ... அப்படித்தான்."

அறுந்தது. கொம்பையா பின்னால் தள்ளாடினான். ரத்தம் பம்புசெட் போல அடித்தது. மாசானம் வாளைப் புரட்டி, கொதித்துக்கொண்டிருந்த சைலன்ஸர் தகரத்தில் அந்தக் குறைக்கையை அமுக்கிப் பிடித்தான். சதை சுண்டுகிற வாசனை வந்தது. குழாயடியில் நின்றவர்கள் யார் வீட்டில் கறி என்று எட்டிப் பார்த்தார்கள். ரத்தம் நின்றது.

மரப்பட்டையில் மணிக்கட்டு அகலத்துக்கு வட்டமாக ஒரு சிவப்பு வெட்டுமுகம் தெரிந்தது. கிளை வெட்டிய இடம் போலத்தான் இருந்தது.

கொம்பையா நடந்து வீட்டுக்குள் வந்தான். அரைக் கூரை வழியாக வெயில் விழுந்தது. உட்காரப் பார்த்தான். முழங்கால் மடங்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான்.

"வந்துட்டேன்ட்டி" என்றான்.

"ம்" என்றாள் பேச்சித்தாய். கூரைக் குப்பை விழுந்த குழம்பைக் கொட்டிவிட்டு, புதுச் சட்டியில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

மாசானத்துக்கு நிம்மதியாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வாசலில் வாளைத் துடைத்தபடி நின்றான். பேச்சித்தாய் தட்டில் சோற்றைப் போட்டாள். குழம்பு ஊற்றினாள். ஓரத்தில் ஒரு கருவாட்டுத் துண்டு வைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கொம்பையாவைக் கடந்து, மாசானத்தைக் கடந்து, வெளியே போனாள்.

"ஏட்டி, சோறு எங்க போவுது?"

அவள் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போனாள். சோற்றை உருட்டி, ஆப்பைப் பிடித்திருந்த விரல்களுக்கிடையில் வைத்தாள். ஒரு விரல் மட்டும் மெல்ல விரிந்து வாங்கிக்கொண்டது. தட்டு காலியாகும்வரை கொடுத்தாள். தண்ணீர் ஊற்றி விரல்களைக் கழுவிவிட்டாள். முந்தானையால் துடைத்தாள்.

திரும்பி வந்தபோது கொம்பையா கேட்டான். "எனக்கு?"

"வேலையில நிக்கவுகளுக்குத்தான் மொதல்ல" என்றாள். "மிச்சம் இருந்தா ஒங்களுக்கு."

மிச்சம் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் மிச்சம் இல்லை. மறுநாளும் இல்லை. அந்தக் கைக்குப் பசி அதிகம். அடுத்தடுத்த நாட்களில் கொம்பையாவின் கன்னம் ஒட்டிப்போயிற்று. நெற்றியில் இருந்த பட்டை அச்சு மட்டும் அப்படியே இருந்தது. தூங்க முடியவில்லை. நெற்றியை முட்டுக்கொடுக்க வீட்டுச் சுவர் தோதாக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டு அவனைக் கடக்கும்போது இடது கையால் பாய்ந்து பிடித்தான். பேச்சித்தாய் தயங்கவில்லை. கரண்டியால் வாயில் அடித்தாள். முன்பல் இரண்டு தட்டில் விழுந்தன. அவற்றைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"எம் புருசன் சோத்துல எவன்டா கை வைக்கான்?" என்றாள்.

"ஏட்டி, நான்தான்ட்டி."

"நீங்க வேல முடிஞ்ச ஆளு. பேசாம நில்லுங்க."

கொம்பையா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். ஒரு காலை எடுத்து வைத்தான், பிறகு மற்றதை. கொட்டகைக்கு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. மாசானம் மஞ்சள் வாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்பிள, வாள எடு."

மாசானம் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். "யார அத்தான்? அக்காவையா?"

"சீ, மூதி. செயினத் திருப்பிப் போடு."

மாசானம் அவனுடைய முகத்தைப் பார்த்தான். வாயோரத்தில் ரத்தம். அதை அவன் நக்கிக்கொண்டிருந்தான், வீணாக்காமல்.

"நான் ஒங்கள வீட்டுக்குக் கூட்டியாரத்தான அத்தான்..."

"நீ கூட்டியாந்துட்ட. ஒன்னயக் கொற சொல்லலையே. போடுல."

மாசானம் செயினைக் கழற்றினான். இந்தத் தடவை துண்டு கண்ணை மறைக்கவில்லை. நல்ல வெளிச்சம். பற்கள் தன்னைப் பார்க்கும்படி ஒவ்வொரு கண்ணியாகச் சரிபார்த்து மாட்டினான்.

மரத்தடியில் கொம்பையா குறைக்கையைப் பட்டையில் இருந்த சிவப்பு வட்டத்தோடு பொருத்தி வைத்தான். அளவு சரியாக இருந்தது. வாள் கிளம்பியது. மண்ணில் காய்ந்து கிடந்த ரத்தம் ஈரமாகி, எறும்புச் சாரை போல அடிமரத்தில் ஏறியது. மூவர் முகத்திலும் தெறித்திருந்த சதைத் துணுக்குகள், கழுவிய தண்ணீரோடு சாக்கடைக்குப் போனவை, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தீய்ந்த தோல் உரிந்து விழுந்தது. எலும்பு எலும்பைக் கவ்வியபோது கொம்பையா ஒரே ஒரு தடவை அலறினான். தெரு முழுக்கக் கேட்டது. மேல்கோடியில் குருசுமுத்து நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து விசில் ஊதினான். நடந்தவர்கள் நின்றார்கள்.

மாசானம் வாளை அணைத்துக் கீழே வைத்தான். அது முழுதாக அமைதியாக இருந்தது. அதற்கு இனி முடிக்க வேண்டிய வெட்டு எதுவும் இல்லை.

கொம்பையா நெற்றியை மரத்தில் சாய்த்தான். அச்சு பட்டையில் சரியாகப் போய்ப் பொருந்தியது.

பேச்சித்தாய் தட்டோடு மறுபக்கம் போனாள். விரல்கள் வாங்கவில்லை. மரத்தைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். கொம்பையாவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"இம்புட்டு நேரம் எங்க போயிருந்திய? சோறு ஆறிப்போச்சு பாருங்க."

கொம்பையா வாயைத் திறந்தான்.